வலப்பக்கம்

டார்ட்டுவில் பிப்ரவரி. எமாயுகி ஆறு கல்லாய்க் கிடக்கிறது.
மூன்றாம் மாடி, இரவு ஒன்றேகால்.
வெண்பலகையில் உர்வே எழுதிய ஒரே விதி:
எல்லாம் பொருள். எல்லாம் செய்தி.

எண் பொருள். எழுத்துச்சரம் பொருள்.
மெய்யும் பொய்யும்கூட
பெயர்ப்பலகை மாட்டிய இரண்டு வாசல்கள்.
'மற்றும்' என்பது அங்கே நாம் போய்த் தட்டுவது,
அவ்வளவுதான்.

ஹில்லர் ஒரு சோதனை எழுதினான்:
பனி தடிமனா, மற்றும், காலை வை.
ஓட்டினான்.
பனி 'பொய்' என்றது, சரியாகத்தான்.
ஆனால் செய்தி கிளம்புமுன்
அதன் கைச்சுமை தயாராக வேண்டுமே.
கால் வைத்தாயிற்று.
பொய் வாய் திறந்து 'வேண்டாம்' என்றபோது
ஆள் தண்ணீருக்குள்.

தனிவிதி கொடு, என்றான்.
இந்த இரண்டு குறிகள் மட்டும் செய்தியல்ல என்று
கம்பைலரிடம் சொல்லிவிடு.
ஒரு விலக்கு கொடுத்தால்
நாளைக்கு வாசலில் நாற்பது நிற்கும், என்றாள்.
மூன்று வாரமாக இதே சண்டை.
ஆவணம் எழுதுவது என் வேலை;
நான் எதையும் எழுதாமல் இருந்தேன்.

மேசையில் அவளுடைய வெப்பக் கட்டண உறை,
நவம்பரிலிருந்து பிரிக்காமல்.
கணக்கில் காசு இருந்தால்தான் பிரிப்பாளாம்.
சொல்லிவிட்டு, பாதி வாக்கியத்தில் நின்றாள்.

பிறகு வேகமாக நடந்தது.
வலப்பக்கத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு ஒட்டினாள்.
ஓடாத நிரல், அதுவும் ஒரு பொருள்,
கையில் கொடுக்கலாம்.
மெய்யின் செய்முறை ஒரு வரி:
உறையைப் பிரி, உள்ளே இருப்பதே விடை.
பொய்யின் செய்முறை அதைவிடச் சின்னது:
நானே.
'அல்லது'வுக்கு இருவரும் வேலையை மாற்றிக்கொண்டார்கள்.
எங்கும் ஓர் 'எனில்' இல்லை.

ஒவ்வொரு தடவையும் இரண்டு அடைப்புக்குறியா?
மக்கள் திட்டுவார்கள், என்றான் ஹில்லர்.
திட்டட்டும்.
சோதனை பச்சையானது. கால் கரையிலேயே நின்றது.

மூன்று மணிக்கு இறங்கினோம்.
ஆற்றில் நடந்தால் ஐந்து நிமிடம்;
யாரும் பேசிக்கொள்ளாமல் பாலத்தைச் சுற்றிப் போனோம்.
நடுப்பாலத்தில் ஹில்லர் கேட்டான்:
கோடைக்குப் பிறகும் இங்கே இருப்பாயா?
இல்லை, டாலினில் வேலை, என்றாள்
காலணியில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டே.
அவன் தலையசைத்தான்.
கேள்வி அங்கே முடியவில்லை என்பது
பின்னால் வந்த எனக்குத் தெரிந்தது.
மிச்சத்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டே நடந்தான்.

காலையில் ஆவணத்தில் ஒரு பத்தி சேர்த்தேன்:
வலப்பக்கத்தில் எழுதியது
நிகழாமலே போகலாம்.
கட்டாயம் நடக்கவேண்டியதை
அங்கே வைக்காதீர்கள்.