கேள்வி எண் ஏழு

பாளையங்கோட்டை அலுவலகத்தில்
ஒரு மின்விசிறிதான் சுற்றியது,
அதுவும் உங்கள் ஐவரின் தலைக்கு மேல்.
"உட்காருங்க சிஸ்டர்" என்றீர்கள்.
நாற்காலி எங்கே என்று தேடினேன்.
கோப்பின் மேல் என் பெயர் பிழையாயிருந்தது:
திரிஷா.

திர்சாள், ஐயா.
எண்ணாகமம் இருபத்தேழு.
தகப்பன் நிலத்தில் பங்கு கேட்டு
மோசேக்கும் ஆசாரியனுக்கும் எதிரே
கூடாரவாசலில் வந்து நின்ற
அக்கா தங்கைகள் ஐந்து பேரில்
கடைசிப் பெயர்.

ஆறு கேள்விக்கு ஒற்றைச் சொல் போதுமாயிருந்தது.
வேதசாஸ்திரம் படித்ததுண்டா? உண்டு.
குருப்பட்டம் பெற்றதுண்டா? இல்லை.
மூன்று முறை விண்ணப்பித்தேன் என்பதை
நீங்கள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஏழாவதை மட்டும்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டீர்கள்:
மார்கழி நான்காம் தேதி இரவு
கோயில் மாடியில் நீ கொடுத்தது என்ன?

அந்த வாரம் ஆறு ஊருக்குள் குடிவந்திருந்தது.
பாலம் போயிற்று. செல்போன் கோபுரம் செத்தது.
வாழை நின்ற இடத்தில்
யாருடைய பிரிட்ஜோ மிதந்து போனது.
ஐயரைக் குறை சொல்லவில்லை,
அவருக்கும் எங்களுக்கும் நடுவே
மூன்று மைல் தண்ணீர்.
கொயர் பாடுகிற மாடியில் எழுபத்திரண்டு பேர்,
நான்கு ஆடு,
கீழத்தெரு பேச்சியம்மாள்
இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்த சேவல் ஒன்று.
நேரங்காலம் தெரியாமல் அது கூவிக்கொண்டிருந்தது.

கீழே பலிபீடம்வரை தண்ணீர்.
பதினொரு வருஷமாய்
நான் ஏறக் கூடாதென்றிருந்த மூன்று படியில்
சேறு
யாரையும் கேட்காமல் ஏறியிருந்தது.

செல்லக்கனிக்கு இன்சுலின் தீர்ந்து இரண்டு நாள்.
மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்,
"ஏளா திர்சா, எனக்கு ராப்போஜனம் தா."
"நான் குடுக்கக் கூடாதுக்கா."
"யாருகிட்டளா சொல்லுத?
இந்தத் தண்ணிகிட்டயா?"

மத்தியானம் ஹெலிகாப்டர் போட்ட மூட்டையில்
பன் இருந்தது, பாதி நனைந்தது.
ரசம் இல்லை.
கலர் பாட்டிலில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர்.
ஆராதனைப் புத்தகம் கீழே ஊறிக் கிடந்தது.
எனக்கு அது தேவைப்படவில்லை:
பின்வரிசையில் நின்று
உதடு அசையாமல் நான் சொல்லிவந்த சொற்கள்
அன்றைக்குத்தான் வாய்க்கு வந்தன.

பிட்டேன்.
செல்லக்கனி வாங்கினாள்.
அவளோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.
இருட்டில் இன்னொரு கை வந்தது.
அப்புறம் இன்னொன்று.
பேச்சியம்மாளும் நீட்டினாள்,
"எங்க சாமி கோவிச்சுக்காது தாயி,
ஒங்க ஆளுகளப் பாத்துக்க."

என்னைப் பீடத்தண்டை விடக் கூடாதென்று
வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியவர்
கையை நீட்டவில்லை.
மடியில் கிடந்த அவர் பேத்தி நீட்டினாள்.
அவள் தூங்கிப்போன பிறகு
அவள் விரலிடுக்கில் மிஞ்சிய துண்டை எடுத்து
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
டார்ச் என் கையில் இருந்தது.
அணைத்துவிட்டேன்.

செல்லக்கனி விடியுமுன் போய்ச் சேர்ந்தாள்.
படகு ஒன்பது மணிக்கு வந்தது.

சாட்சி உண்டா என்கிறீர்கள்.
எழுதிக்கொள்ளுங்கள்.
பேச்சியம்மாள் வர முடியாது,
விழுந்த சுவரை எடுத்துக் கட்டுகிறாள்.
செல்லக்கனியைக் கேட்க
நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.
மற்றொருவர்
உங்கள் வரிசையிலேயே, ஜன்னலோரம்,
இரண்டாம் நாற்காலியில் இருக்கிறார்.
தாவீதுக்கண்ணு ஐயா
காலையிலிருந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நான் கொடுத்தது பன்.
அவர் பையில் வைத்தது என்னவென்று
அவரிடம் கேளுங்கள்.

எட்டாம் கேள்வி இருந்தால் சீக்கிரம் கேளுங்கள்.
மூன்றரைக்கு எங்கள் ஊர் பஸ்.
அந்தப் படிகளில் சேறு இன்னும் முழுதாய்ப் போகவில்லை,
சங்கத்துப் பெண்கள் வாளியோடு வந்திருப்பார்கள்.
தேய்க்க மட்டும்
எங்களுக்கு எப்போதும் அனுமதி உண்டு.