ஆறு வாட்

பழையதை அவிழ்த்தபோது
விசிறிக்குள் உமி, எறும்பு மண்,
பல்லி முட்டை ஓடு ஒன்று,
அரைச்சுற்றில் நின்றுபோன இறகு.
பதினொரு வாரம் உழைத்தது.
மூச்சு விட்டதால் செத்தது.

புதியதை மண்டூர்ப் பாதையில் ஏற்றி வந்தேன்,
யூரியாப் பையில் சுற்றி, மடியில் வைத்து.
"என்ன மகள், தேங்காயா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.
கனம் அப்படித்தான்.
துவாரம் இல்லை, சுழல்வது எதுவும் இல்லை.
கருவாட்டுக்குக் கீறிய மீன்போல
உடம்பெல்லாம் வரி வரியாய் அலுமினியம்.
சூட்டைத் தோலால் விடும்.

வெல்லாவெளிக்கு மேற்கே வட்டை முடிகிற இடம்.
வாடிக் கூரையில் ஒரு தகடு, கீழே பற்றரி,
மூன்று கம்பத்தில் கெமரா.
யானை வேலியைத் தொடுமுன்
சாமித்தம்பியின் தலைமாட்டில் மணி அடிக்க வேண்டும்.
அதற்கு ஆறு வாட்,
இரண்டு சைக்கிள் டைனமோ.

முதல் இரவு அவர் கேட்டார்:
"சத்தமே இல்ல. இது முழிச்சிருக்கா, நித்திரையா?"
தொட்டுப் பாருங்க என்றேன்.
காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்தார்.
"ஓம். உசிர் இருக்கு."

தை மாதம். வெட்டுக்குப் பன்னிரண்டு நாள் இருக்க
மழை பிடித்துக்கொண்டது.
ஆறு நாளாய்ச் சூரியன் இல்லை.
பற்றரி பதினொன்று தசம் ஆறு.
கடுதாசியில் நனையாத மூலையில் கணக்குப் போட்டேன்:
குமிழ் ஒன்பது வாட்,
அவருடைய போன்,
பிறகு இது.
நாளை வெள்ளி. குவைத்திலிருந்து மனைவி பேசும் நாள்.
நான் வாய் திறக்கவில்லை.
அவரே குமிழைத் திருகிக் கழற்றினார்,
போனையும் வயரிலிருந்து பிடுங்கினார்.
"அவளுக்குச் சொன்னா விளங்கும்.
யானைக்கு ஆர் சொல்லுற?"

பிறகு இருட்டு.
கூரைத் தகரத்தில் மழை,
தவளைகள், அவருடைய இருமல்.
ஈரமாகிப்போன நெருப்புப் பெட்டியை
அதன் வரிகளின்மேல் வைத்தார்,
பக்கத்தில் இரண்டு பீடி.
வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.
பயிற்சிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு மணியிருக்கும்.
காட்டுப் பக்கம் ஒரு கொப்பு முறிந்தது.
அவர் எழும்பிவிட்டார்.
மூச்சு நாலு விட்டபிறகே மணி அடித்தது.
"பிந்திட்டாய்," என்றார் பெட்டியைப் பார்த்து,
கோபமில்லாமல்.

யானை வெடியை இடுப்பில் செருகி
வரப்பில் இறங்கினார்.
எட்டு நடை போயிருப்பார்,
மழைக்குள் கையைக் குவித்து
குச்சியை உரசினார்.

முதல் உரசலிலேயே
பற்றிக்கொண்டது.