அளந்து போட்டது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

போடுகிறவள் ஃப்ரௌக்கா.
ரூர் ஆற்றுக்கு மேலே, மருத்துவமனையின் நிலவறையில்,
ஆளின் எடைக்குத் தக்கபடி ஏழு மில்லி, எட்டு மில்லி.
"கையில் குளிர் ஏறும். நாக்கில் சில்லறைக் காசு ருசிக்கும்.
இரண்டும் போய்விடும். அசையாதீர்கள்."
நாளுக்குப் பதினான்கு முறை இதே வாக்கியம்.
தூக்கத்திலும் ஒருமுறை சொன்னாள்.
பக்கத்தில் எக்கார்ட்
விடியும்வரை அசையாமல் கிடந்தான்.

அளக்கிறவன் அவன்.
பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே, நீர்நிலைய ஆய்வகத்தில்.
காடோலினியம்
நாளத்தில் ஏறி, மூளையில் ஒளிந்திருந்ததை
வெள்ளையாக எழுதிக் காட்டிவிட்டு
சிறுநீரில் இறங்கி,
வீட்டுக் கழிவறை, சாக்கடை, சுத்திகரிப்புத் தொட்டி
எல்லாவற்றுக்கும் டிமிக்கி கொடுத்து
அவன் குப்பிக்கு வந்து சேரும்.
லிட்டருக்கு இத்தனை நானோகிராம்.
படிவத்தில் 'வரம்பு' என்ற கட்டம் மட்டும் காலி.

ஞாயிறு ஓய்ந்தால் எண் தாழும்.
கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆறு
கிட்டத்தட்ட வெறும் ஆறு.

ஒரு வியாழன் இரவு, உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டான்:
"செவ்வாயன்று உங்கள் இயந்திரம் பழுதா?"
அவள் கத்தி நின்றது.
யார் வந்தார், என்ன தெரிந்தது என்று
வீட்டில் வாய் திறக்காதவள்.
பேக்கரி நூர்த்தன் வந்ததே
நூர்த்தன் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.
இப்போது ஆறு உளறிவிட்டது.

மார்ச்சில் அவளே படுத்தாள்.
இடது காதில் விடாத ரீங்காரம்.
ஊசி போட்டவன் புதுப்பையன் தாரிக்;
அவளிடம் கற்ற வாக்கியத்தை
ஒரு சொல் மாற்றாமல் அவளுக்கே சொன்னான்.
குளிர் ஏறியது. சரிதான்.
நாக்கில் காசு அல்ல.
சாவி.
வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு
கதவுமுன் நிற்போமே, அந்தச் சாவி.
பத்தொன்பது வருடம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்
என்று அந்தக் குழாய்க்குள் சிரிப்பு வந்தது.
சிரிக்கக் கூடாது. அசையும்.

புதன்கிழமை எக்கார்ட் குப்பியை நிரப்பினான்.
ஒரே மாதிரியை மூன்று முறை அளந்தான்.
மூன்றும் ஒரே எண்.
அதில் அவள் எவ்வளவு என்று
எந்தக் கருவியும் பிரித்துச் சொல்லாது;
தெரிந்தும் நான்காவது முறை அளந்தான்.

முடிவு வெள்ளியன்றுதான் வரும்.
இரவு குழாயைத் திறந்து இரண்டு தம்ளர் பிடித்து வைத்தான்.
அவள் ஒரு வாய் குடித்து
நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள்.
"ஒன்றும் ருசிக்கவில்லை."
"ருசிக்காது," என்றான்.
எண்ணைச் சொல்லவில்லை.