மைதானத்துக்கு முதுகு

எனக்குச் சம்பளம்
ஆட்டத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு.

மஞ்சள் மேலங்கி, காதில் வயர்.
ஆறாம் வாசலின் கீழ்ப்படியில்
புல்லுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.
திரும்பினால் ஐம்பது திர்ஹம் வெட்டு என்றார்
சூப்பர்வைசர் கிமிரே.
வெட்டினார், இரண்டு முறை.

ஆகவே கோல் என்றால் எனக்கு
எதிரே மூவாயிரம் வாய்கள் திறப்பது.
ஆஃப்சைடு என்றால்
திறந்த வாய்கள் மூட மறந்து தொங்குவது.
பந்து எந்தப் பக்கம் போகிறது என்று
கழுத்துகளே சொல்லிவிடும்.
ஊர் கிளப்பின் பத்தாம் நம்பர்க்காரன்
சாலையில் எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது.
அவனைத் திட்டுகிறவர்களை
ஒவ்வொருவராகத் தெரியும்.

எழுபத்தைந்து நிமிடம் தாண்டியதும் தொடங்கும்.
முதலில் ஒரு கை பாக்கெட்டுக்குள் போய்
கார்ச் சாவியைத் தொட்டுவிட்டு வரும்.
பிறகு முழங்கால்கள் வாசல் பக்கம் திரும்பும்,
முகம் மட்டும் புல்லைப் பார்த்தபடி இருக்கும்.
பிறகு அந்த முகமும்.

ஷார்ஜாவில் ஆட்டம் விசிலில் முடிவதில்லை.
இத்திஹாத் ரோட்டில், துபாய் பக்கமாக,
சிவப்பு விளக்குகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்வதற்குப்
பத்து நிமிடம் முன்பே முடிந்துவிடுகிறது.

சஜ்ஜா கேம்ப்காரர்கள் இலவச டிக்கெட்டில் வந்தவர்கள்.
அவர்களுக்கு விசில் ஷேர் ஜமானின் பஸ் ஹாரன்தான்.
பத்து மணி. ஒரு நிமிடம் கூட்டித் தர மாட்டான்.
கைதட்டச் சொன்ன இடத்தில் கைதட்டிவிட்டு
கொடுத்த கொடியை நான்காக மடித்து
இருக்கையில் வைத்துவிட்டு
வரிசையாக என்னைக் கடந்து போவார்கள்.
ஒருவன் போன வாரம் கேட்டான்:
கடைசிப் பத்து நிமிடத்தில்
அப்படி என்னதான் நடக்கும்?
நானா சொல்வேன்.

இன்றைக்கு ஒரு அப்பா. எண்பத்து மூன்று.
பையன் பத்தாம் நம்பர் சட்டையில்
பின்பக்கமாகவே படியேறினான்,
இழுபடும் ஒரு கை, இன்னும் ஆட்டத்தில் இரண்டு கண்.
விழுந்துவிடப் போகிறானே என்று
நானும் அவனையே பார்த்தேன்.
அவர்கள் சுரங்கப்பாதைக்குள் மறைந்தார்கள்.
அப்போதுதான் படிக்கட்டுச் சிமெண்ட் அதிர்ந்தது.

உள்ளே போன பையன்
கையை உருவிக்கொண்டு ஓடி வந்தான்.
இந்தியில் கேட்டான்: யார் அடிச்சது?

அந்த மைதானத்திலேயே
அந்த கோலைப் பார்க்காதவர்கள் நாங்கள் இருவர்.
என்னிடமா வந்து கேட்பான்?

பத்தாம் நம்பர், என்றேன். தலையால்.

அவன் குதித்த குதியில்
ஒரு செருப்பு கழன்று இரண்டு படி கீழே விழுந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
அப்பா மேலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார்.

பிறகு வயரில் சொன்னார்கள்,
எதிரணிக்காரன் ஒருவனின் முழங்காலில் பட்டு
அதுவாக உள்ளே போனதாம்.
கார் ரேடியோ இதற்குள் திருத்தியிருக்கும்.
கிங் ஃபைசல் ரோடு சிக்னலுக்கு முன்னால்
ரேடியோவைப் போடாமல் இருந்தால் நல்லது.

விசில் ஊதும்போது
என் பகுதியில் மிச்சம் நாற்பது பேர்.
அவர்களும் போன பிறகு ஒருவர்.
தவசிமுத்து, ரோலா, பெட் ஸ்பேஸ்.
கால்பந்தில் அவருக்கு ஒன்றும் கிடையாது.
பேக்கரி ஷிஃப்ட்காரர் பதினொன்றரைக்கு
எழுந்து போனால்தான் கட்டில் இவருக்கு.
அதுவரை ஏதாவது ஓர் இடத்தில்
விளக்கெரிய வேண்டும்.

முடிஞ்சிருச்சா, என்று கேட்டார்.
முடிஞ்சிருச்சு.

ஆள் இல்லாத படிக்கட்டைக் காவல் காக்க வேண்டியதில்லை.
இனி நான் திரும்பலாம்.

கோல் கம்பத்தருகே இரண்டு பேர்
பெயர்ந்த புல்லைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துக்
குதிகாலால் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.
ஒருவன் ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்து
வேறு குழிக்குக் கொண்டுபோகிறான்.
பொருந்தவில்லை. திரும்பக் கொண்டுவருகிறான்.

தவசிமுத்து ஒரு வரிசை கீழே இறங்கி
என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.
கடலைப் பொட்டலத்தை நீட்டுகிறார்.
இதை நாங்கள் கடைசிவரை பார்ப்போம்.