பதினேழாம் சோதனை

பெரிய அரங்கில் பேராசிரியர் குராம்
பிழையே வராத நிரல்களைப் பற்றிப்
பேசிக்கொண்டிருந்தார்.
அதே மாடியில், காபி மேசைக்குப் பின்னால்,
தீய்ந்த பிளக்கின் வாடையில்
எங்கள் போட்டி.

குத்தாயிசியில் மார்ச் மழை.
அறுபது பேருக்கு நாற்பத்தெட்டு நாற்காலி.
டி-சட்டைகள் வந்து சேர்ந்தன,
அத்தனையும் பள்ளிப்பிள்ளை அளவில்.
ஹீலியம் உருளையை லிஃப்டில் ஏற்ற விடவில்லை காவலாளி.
நானும் பாத்ரியும் நான்கு மாடி
பிணம் தூக்குவதுபோல் தூக்கினோம்.

ஒரு கணக்கைப் போட்டால் ஒரு பலூன்,
கணக்குக்கு ஒரு நிறம்.
நான்காவது என்னுடையது. மஞ்சள்.

ரியோனி ஆற்றங்கரையில் இத்தனை ஆடுகள்,
ஒரு படகு, அது தாங்கும் எடை இவ்வளவு.
எத்தனை நடை?
மூன்று மணி நேரத்தில்
மூன்றே மஞ்சள் பறந்தன.
கஷ்டமான கணக்குதான் என்று
உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேன்,
மறைப்பானேன்.

இருபத்தேழாம் இருக்கையில் எத்தேரி.
போத்தி துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்ப்பவர்.
காலையில் கொண்டுவந்த குடை இன்னும் காயவில்லை.
பதினான்கு முறை அனுப்பினார்.
பதினான்கும் சிவப்பு:
பதினேழாம் சோதனையில் தவறு.
பதினைந்தாவதில் ஓரெழுத்தும் மாறவில்லை.
நிரலின் தலையில் மட்டும் ஒரு குறிப்பு:

ஆடே இல்லை.
படகு எதற்குப் போகிறது?

திறந்து பார்த்தேன்.
ஆடுகள்: பூச்சியம்.
என் விடை: ஒன்று.

யாருமில்லாத கரையிலிருந்து
வெறும் படகை ஓட்டியிருக்கிறேன்.
அந்த மூன்று மஞ்சளும்
என்னோடு அதே படகில் வந்தவர்கள்.

"விட்டுத் தொலை" என்றான் பாத்ரி.
"நாற்பது நிமிடத்தில் பரிசளிப்பு.
பூச்சியம் ஆட்டுக்காக எவன் அழப்போகிறான்?"
பக்கத்து அரங்கில் அப்போது கைத்தட்டல்,
பிழையற்ற நிரலுக்கு.

மைக் வேலை செய்யவில்லை.
நாற்காலிமேல் ஏறினேன்.
தப்பு என்னுடையது என்று
ஜார்ஜிய மொழியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.
இரண்டிலும் குரல் அதே இடத்தில் பிசிறியது.

அந்தச் சோதனையை எடுத்துவிட்டு
எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டோம்.
பட்டியல் பத்து நிமிடம் அசையவில்லை. பிறகு
பத்தொன்பது சிவப்பு பச்சையாயிற்று.
முதலிடம் கைமாறியது.
பரிசுப்பணத்தை மனதுக்குள் செலவழித்து முடித்திருந்த ஒரு மாணவன்
இன்னும் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறான்.
எத்தேரி ஒன்பதாவது.
ஒன்பதுக்கு ஒன்றும் கிடையாது.

பத்தொன்பது மஞ்சள் பாக்கி.
உருளை ஒருமுறை சீறி அடங்கிவிட்டது.
வாயால் ஊதினோம்.
ஊதலுக்கும் ஊதலுக்கும் நடுவில்
பாத்ரி என் வம்சத்தையே திட்டினான்.
மூச்சடைத்த பலூன் எங்கே மேலே போகும்?
நாற்காலிக் கால்களுக்கிடையில்
கோழிக்குஞ்சுகள்போல் உருண்டன.

தன்னுடையதைப் பொறுக்கி எடுத்து
முடிச்சை நகத்தால் அவிழ்த்தார் எத்தேரி.
என் மூச்சு முழுவதும் வெளியேறும்வரை
பொறுமையாக அழுத்தினார்.
தட்டையாக மடித்து
பயணச்சீட்டோடு பர்ஸில் வைத்துக்கொண்டார்.

"போத்திக்குக் கடைசி வண்டி ஏழு மணிக்கு" என்றார்
ஈரக்குடையை எடுத்தபடி.
"ஆளே இல்லாவிட்டாலும்
அது போகும்."