இருபத்து நான்கு வோல்ட்

டொலீடோவில், பெல்வெடர் தெருவில்,
ஐம்பத்தேழில் கட்டிய வீடு.
ஹூபர்ட் மாமா எங்கள் இருவர் பெயருக்கும் எழுதிவிட்டுப் போனார்.
நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்று அவருக்கு
யாரும் சொல்லவில்லை போல.

வீடு பார்க்க வந்த பெண் ஒரு ஸ்விட்சை அழுத்தினாள்,
எரியவில்லை.
இன்னொன்றை அழுத்தினாள், எரிந்தது,
பிறகு அணைய மறுத்தது.
"பேய் வீடா?" என்று சிரித்தாள்.
தரகர் சிரிக்கவில்லை.

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்,
மூன்று வருடத்தில் முதல் செய்தி:
"இந்த ரிலே சமாசாரம் உனக்குத்தான் தெரியும்."
"சனி. எட்டு மணி," என்றான் கிளீட்டஸ்.

வந்தான். ஏணி எங்கே என்று மட்டும் கேட்டான்.
பரணுக்குள் முதலில் தலை, பிறகு தோள்,
கடைசியாக பூட்ஸ்.
ஜூலை மாதம். மேலே அடுப்பு மாதிரி இருந்திருக்கும்.

இந்த வீட்டின் ஸ்விட்சுகள் விளக்கைத் தொடுவதே இல்லை.
காலிங் பெல் கம்பி போல மெல்லிய மூன்று கம்பிகள்,
வெள்ளை பொது, சிவப்பு ஏற்ற, கறுப்பு அணைக்க.
இருபத்து நான்கு வோல்ட், விரலைக்கூடச் சுடாது.
அது பரணில் இருக்கும் ரிலேயைத் தட்டி எழுப்பும்,
ரிலேதான் விளக்கிடம் போய்ச் சொல்லும்.
ஒரு கணம் அழுத்தினால் போதும்.
பொத்தான் சிக்கி அப்படியே நின்றுவிட்டால்
மேலே சுருள் கருகிவிடும்.

நான் கீழே. பழைய பொத்தானைக் கழற்றி,
புதியதைப் பூட்டி, அழுத்தி,
காத்திருப்பேன்.
மேலே டக்.
"எது?"
"கூடம்."
"அணை."
டக்.

எங்கள் பேச்சு அவ்வளவுதான்.
சமையலறை. அணை. குளியலறை. அணை.
"சிவப்பும் கறுப்பும் மாறிப்போயிருக்கு, திருப்பு."
திருப்பினேன்.
அவன் சொல்லி நான் கேட்ட முதல் விஷயம்,
படகுக்குப் பிறகு.

படகு இருவரும் சேர்ந்து வாங்கியது.
பதினாறு அடி. ஈரி ஏரியில் வாலை மீன் பிடிக்க.
நான் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் இருந்த வாரம்
அவன் விற்றுவிட்டான்.
பாதிப் பணத்தை உறையில் போட்டு
என் தபால் பெட்டியில் வைத்தான்,
கணக்குச் சரி, ஒரு டாலர் குறையவில்லை.
எதற்கு விற்றாய் என்று நான் கேட்கவில்லை.
கேட்காததை ஜெரி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

ஏழாவது ஸ்விட்ச், முன்வாசல் பக்கம்.
அழுத்தினேன். மேலே டக்.
"எது?"
எங்கும் எரியவில்லை.
"எது?" மறுபடியும்.
வாசலைப் பார்த்தேன், படுக்கையறையைப் பார்த்தேன்,
கடைசியில் கொல்லைப்பக்கம் போனேன்.
கராஜ் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம்.

உள்ளே காலி.
மாமா நமக்காகக் கொடுத்த இடம்,
படகு நின்ற நீளத்துக்கு
சிமெண்ட் தரையில் எண்ணெய்க் கறை.
டிரெய்லர் சக்கரம் உருளாமல் இருக்க
அவன் வைத்த இரண்டு செங்கல், அப்படியே.

திரும்பி வந்து கூடத்தில் நின்றேன்.
ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடலாம்.
"கராஜ்," என்றேன்.
மேலே சத்தமில்லை.
அணை என்று சொல்வான் என்று விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.
வியர்வை பொத்தானில் பட்டது.

கூரைக்கு மேலிருந்து,
தூசி அடைத்த குரலில்:
"லாஸனுக்குப் பல்லு எல்லாம் போச்சு, நார்ப்.
பைக்ல இருந்து விழுந்து.
இன்ஷூரன்ஸ் ஒத்துக்கல."

லாஸன் அவன் மகன். அப்போது ஒன்பது வயது.
எனக்கு அது தெரியாது.

நான் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தேன் போல.
"விடு, விடு," என்று கத்தினான்,
"சுருள் எரியுது!"

விட்டேன்.
கருகிய வாசனை கொஞ்சம் கீழே இறங்கியது.
வண்டியில் ஒரு ரிலே வைத்திருப்பதாகச் சொன்னான்,
முப்பத்தெட்டு டாலர்.
பாதி நான் தருகிறேன் என்றேன்.
"பேசாம ஏணியைப் பிடி," என்றான்.

இன்னும் நான்கு ஸ்விட்ச் இருந்தன.