முதல் கழுநீர்

ஒனிச்சாவில் சந்தை வாரத்துக்கு நான்கே நாள்:
ஏக்கே, ஓரியே, ஆஃபோ, இங்க்வோ.
இங்க்வோ என்னுடையது.
நெவி ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஏழு நாள்.
அதில் செவ்வாயும் வெள்ளியும்
என் புருஷன் ரத்தத்துக்கு.
இருபத்தெட்டு நாளில் இரண்டு தடவை
இந்த வாரமும் அந்த வாரமும் முட்டிக்கொள்ளும்.
அன்றைக்குக் கடை கிடையாது,
இல்லையென்றால் ஒக்வுதிலி
பேருந்தில் தனியாகப் போவான்.

நான் விற்பது ஒனுக்பு. கசப்பிலை.
கழுவாதது ஒரு விலை, கழுவியது ஒரு விலை.
கழுவுவது என்றால்
கோபத்தோடு துணி கசக்குகிற மாதிரி.
முதல் தண்ணீர் கரும்பச்சை,
சோப்பே போடாமல் அத்தனை நுரை.
இரண்டாவதில் பாசி நிறம்.
நான்காவதில் உள்ளங்கை எரியும்.
ஐந்தாவதில் நுரை அடங்கும்போது
ஒரு இலையை எடுத்துக் கடித்துப் பார்ப்பேன்.
கொஞ்சம் கசப்பு மிச்சம் வேண்டும்.
அதுவும் போய்விட்டால்
குழம்பில் என்ன கிடக்கிறது என்று
யாருக்கும் தெரியாது.

முதல் கழுநீரையும் கொட்டுவதில்லை.
பழைய ஜின் பாட்டில்களில் பிடித்து வைத்தால்
பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.
ஈரலுக்கு என்பார்கள், சர்க்கரைக்கு என்பார்கள்,
நேற்று ராத்திரி குடித்ததற்கு என்று
ஒருவன் மட்டும் உண்மை சொல்வான்.
இருக்கலாம். நான் வைத்தியம் படிக்கவில்லை.
இலை விற்கிறேன்.

டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் இபிசோ
ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள்.
கீரையைப் பொடியாக நறுக்கு, ஊறவை,
வேகவை, அந்தத் தண்ணீரைக் கொட்டு,
புதுத் தண்ணீரில் மறுபடி வேகவை, அதையும் கொட்டு.
எல்லாச் சத்தும் போய்விடுமே என்றேன்.
போகத்தான் வேண்டும் என்றாள்.
அவருக்குள் அது வெளியே போக வழியில்லை,
தேங்கினால் நெஞ்சை நிறுத்திவிடும்.
பொட்டாசியம் என்று பெயர் சொன்னாள்,
வீட்டில் தங்க வந்த
தெரியாத சொந்தக்காரன் பெயர் மாதிரி இருந்தது.

சந்தையில் நான் காசாக்குவதை
வீட்டில் சாக்கடையில் ஊற்றுகிறேன்.

ஒக்வுதிலி ஒரு கரண்டி வாயில் வைத்தான்.
"நுவாகா, இது நோட்டுப் புத்தகம்" என்றான்.
அப்புறம் முழுவதையும் தின்றான்.
அவனுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர்
தக்காளி டின்னில் இரண்டு.
ராத்திரி இரண்டாவது டின்னை
நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டுக் குடிப்பான்.
நான் பார்க்காத மாதிரி
விளக்குத் திரியை வெட்டிக்கொண்டிருப்பேன்.

போன இங்க்வோ அன்று ஒருவர் வந்தார்.
கொத்தனார், புருவத்தில் சிமெண்டு.
பின்பக்கத்தை மிதித்து மடக்கி
ஷூவைச் செருப்பாகப் போட்டிருந்தார்.
ஒரு பாட்டில் கேட்டார். எதற்கு என்றேன்.
காலையில் முகம் ஊதுகிறது என்றார்.
காலை நீட்டச் சொன்னேன். சிரித்தார், நீட்டினார்.
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.
குழி அப்படியே நின்றது.
மாவில் பதிந்த விரல் மாதிரி,
மூன்று வருஷத்துக்கு முன்னால்
எங்கள் கட்டிலில் நான் பார்த்து,
வெயில், நடை, உப்பு என்று
ஏதேதோ பெயர் வைத்த அதே குழி.

உங்களுக்கு விற்கமாட்டேன் என்றேன்.
ஆஸ்பத்திரிப் பெயரை அட்டையில் எழுதினேன்,
எந்த வாசல், எந்த ஜன்னல்,
ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள் என்று.
அட்டையை மடித்துப் பையில் வைத்தார், மரியாதையாக.
நேரே பக்கத்துக் கடைக்குப் போனார்.
உகோயே மூடி திறக்கிற சத்தம் கேட்டது.
நின்றபடியே குடித்தார். முகம் கோணியது.
கசப்பு இவ்வளவு என்றால்
வேலை செய்யாமல் இருக்குமா என்று
உகோயேயிடம் சொன்னார்.

என்னிடம் இன்னும் ஐந்து பாட்டில் இருந்தது.
கொட்டவில்லை.
இயந்திரத்தோடு நான்கு மணி நேரம்
என்ன விலை என்று உங்களுக்குத் தெரியுமா?
ஐந்தையும் விற்றேன்,
வந்த ஒவ்வொருவரிடமும்
முதலில் காலைக் காட்டச் சொல்லிவிட்டு.